பத்தில் ஒன்பது பேர்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுத்து எழும்பினோம். கொழும்பில் எனக்கு நெருங்கிய நண்பர்கள் நான்கு பேர். ஆறு வருடங்களாக இதை அவர்களிடம் சொல்லவில்லை. ஊர் எது என்று கேட்டால் "நுவரெலியா பக்கம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த மறைப்பிலிருந்து முளைத்த ஒரு தப்பைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையில் என் அறையில் கூடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுவோம். 1974இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். சிக்கலான இடம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்டி முடிவு பார்ப்போம். எங்கள் மேசையில் கதை சொல்பவன் நான்.

இந்த விளையாட்டில் பேய்க்கதைக்கென்றே ஓர் உலகம் இருக்கிறது, ரேவன்லாஃப்ட். ட்ரேசி ஹிக்மன், லோரா ஹிக்மன் தம்பதியர் எழுதி 1983இல் வெளிவந்தது. பரோவியா என்ற நாடு, மேலே ஒரு கோட்டை, அதற்குள் இரத்தம் குடிக்கும் பிரபு ஸ்ட்ராட். நாட்டைச் சுற்றி மூடுபனி. அவன் விடாமல் அதைத் தாண்டி யாரும் வெளியே போக முடியாது. இதே கதையை விரித்து 2016இல் ஒரு புத்தகம் வந்தது. அதில் ஒரு விதி: பரோவியா மக்களில் பத்தில் ஒருவருக்குத்தான் ஆன்மா உண்டு. மற்ற ஒன்பது பேரும் வெறுங்கூடு.

படித்தபோதே எனக்கு எங்கள் தோட்டம்தான் தெரிந்தது. மேலே பங்களா, கீழே லயம், பொழுது சாயும்போது தேயிலை மலையை மூடிக்கொண்டு இறங்கும் பனி. 2022இல் அந்தக் கதையை ஹட்டனுக்குக் கொண்டுவந்தேன். கோட்டை, பெரிய துரையின் பங்களா ஆனது. ஸ்ட்ராட், செத்தும் சாகாத ஒரு வெள்ளைக்காரத் துரை ஆனான். நண்பர்கள் பங்களாவில் தங்க வந்த விருந்தாளிகள். சரவிளக்கு முதல் குதிரை லாயம் வரை பங்களாவுக்கு என் கொப்பியில் பதினொரு பக்கம் எழுதினேன். லயத்துக்கு ஒரே வரி: "ஆட்கள் அறுபது. பத்தில் ஒன்பதுக்கு உயிர் இல்லை."

மூன்றாம் வாரம் விருந்தாளிகள் பனிக்குள் இறங்க வேண்டி வந்தது. பாதை பத்திரமா என்று பார்க்க முதலில் யாரையாவது அனுப்பலாம் என்றான் ஒரு நண்பன். லயத்துக் கிழவி ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நெற்றியில் கயிறு, முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் படங்கு, அட்டை கடித்து இரத்தம் வழியும் வெறுங்கால். "உயிர் இல்லாத ஆள்தானே, அனுப்புவோம்" என்றான். பகடையை உருட்டினேன். மூன்று விழுந்தது. கிழவி திரும்பி வரவில்லை. கூடை மட்டும் கொழுந்தைச் சிந்திக்கொண்டு உருண்டு வந்தது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். நான்கு பேரும் கை தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த வாரம் கண் ஒப்பரேசனுக்காக அம்மா என்னோடு வந்திருந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். குசினியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நண்பர்கள் போனபிறகு தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் கெழவி பேரு என்னா தம்பி?"

"பேரு வைக்கலம்மா. சும்மா கதைதானே."

"தொரை செக்ரோல்லகூட நம்ம பேரு இருந்திச்சே. பேரு சொல்லித்தானே பெரட்டுல கூப்புட்டாங்க."

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. கூலியைக் கணக்குப் பார்க்க வைத்திருந்த புத்தகத்தில் இருந்த பெயர்கள், அந்த லயத்தில் வளர்ந்தவன் கொப்பியில் இல்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ரேவன்லாஃப்டில் விஸ்தானி என்று ஒரு நாடோடிக் கூட்டம் வரும். ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்ட இழிவுகளை வைத்துச் செய்தது. அது தப்பு என்று ஏற்று, திருத்தி எழுதப்போவதாக வெளியீட்டாளர்களான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2020இல் அறிவித்தார்கள். நான் அதை வாசித்தேன், நல்ல காரியம் என்று நண்பர்களிடம் பேசவும் செய்தேன். ரோமா மக்களுக்காக நியாயம் பேசிய அதே வாயால்தான் இரண்டு வருடம் கழித்து என் சனத்துக்கு உயிர் இல்லை என்றேன்.

பயமுறுத்த எங்களிடம் கதை இல்லாமலா போயிற்று? தாண்ட முடியாத பனி எங்களுக்கும் இருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய அந்தச் சீட்டு தீராமல் ஒரு ஆள் தோட்டத்தை விட்டு நகர முடியாது. இன்னொரு தோட்டத்துக்குப் போனால் கடனும் கூடவே போகும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, பிறந்த மண்ணிலேயே எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அம்மாவின் தங்கை அந்தக் கணக்கில்தான் கோச்சி ஏறினார். தேயிலை ஸ்டோரில் இயந்திரத்துக்குக் காவல் நிற்கும் சாமி ரோதைமுனி இருக்கிறார். மாசியில் கம்பம் நட்டு, மன்மதன் எரிவதை விடிய விடிய ஆடும் காமன் கூத்து இருக்கிறது. ஊரே பாத்திரமாகி நிற்கும் அந்த இராத்திரிக்கு முன்னால் என் பகடை எந்த மூலைக்கு? இத்தனையும் தெரிந்தவன், பங்களா வராந்தாவில் நின்று கீழே பார்த்தேன். அங்கே நின்றால் லயத்து ஆளாக என்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற ஆசைதான். அந்தக் கிழவியைப் பனிக்குள் அனுப்பியது நண்பன் இல்லை, நான்.

அடுத்த ஞாயிறு பகடையை எடுக்கவில்லை. லயத்தில் பிறந்தவன் என்று நண்பர்களிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த நண்பன் மன்னிப்புக் கேட்டான். அவன் கேட்க வேண்டியதில்லை; விதியை வைத்தவன் நான்.

ஆனால் ஒன்றை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் படங்கும், கூடையும், அட்டை கடித்த காலும் அவருடையவை. சின்ன வயதில் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அவரைக் காம்பரா வாசலில் காத்திருந்து பார்த்ததை வைத்துத்தான் கிழவியைச் செய்தேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அம்மா எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பார். இதைக் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வரி வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன்.