ஒரு கம்பியில் இரு பேச்சு

கல்லூரியை விட்டு நீங்கிய மாணவன் ஒருவன் தன் பழைய சஞ்சிகைக்கு எழுத முற்படுங்கால், தான் அடைந்த வெற்றிகளை எடுத்துரைப்பதே வழக்கம். அத்தகைய வெற்றிகள் என்னிடம் மிகுதியாக இல்லை. ஆதலின், என் உத்தியோக வாழ்க்கையின் தொடக்கத்தில் யான் செய்த ஒரு பிழையையும், அப்பிழைக்குக் கருவியாக அமைந்த ஒரு டெலிபோன் கம்பியையும் குறித்துச் சில சொற்கள் எழுதத் துணிகின்றேன். உள்ளங்கைக் கருவியிலேயே உலகனைத்தையும் காணும் இக்கால மாணவர்க்கு இது பழங்கதையாகத் தோன்றலாம். கதை பழையதே, அதன் பொருள் பழையதன்று என்பது என் எண்ணம்.

1997-ஆம் ஆண்டு, பட்டம் பெற்ற சில திங்களில், சென்னை ஜார்ஜ் டவுனில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவை அடுத்த ஒரு சந்திலே இருந்த வியாபாரக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தேன். எங்கள் நெல்லைச் சீமையின் வறண்ட நிலங்களில் விளையும் நிலாவாரை இலையை வாங்கி, உலர்த்தித் தரம் பிரித்து, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே அயல்நாடுகளுக்கு அனுப்புதல் அங்கு நடந்த தொழில். மலச்சிக்கலுக்கு மருந்தாகும் அவ்விலை மேனாட்டுச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர் பெற்றது. முதலாளியும் எங்கள் பக்கத்தவரே; சிறியோரும் பெரியோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். முன்புறம் காரியாலயம், பின்புறம் கிட்டங்கி. இரண்டிற்கும் பொதுவாக ஒரே டெலிபோன் கம்பி. அதன் முனையில் என் மேசைமேல் ஒரு கருவி, கிட்டங்கிச் சுவரில் ஒரு கருவி.

நம் நாட்டில் பொதுமக்கள் இன்டர்நெட்டில் இணையும் வசதி 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். வாயிலாகத் தொடங்கிற்று. அதனைத் தொடக்கத்திலேயே பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருந்த எங்கள் வாடிக்கையாளர்கள் இனி மின்னஞ்சலிலேயே எழுதுவோம் என்று வற்புறுத்தவே, அண்ணாச்சி ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மோடமும் வாங்கினார். அவற்றை ஆளும் பொறுப்பு இளையவனாகிய எனக்கு வாய்த்தது. அதனால் எனக்கு உண்டான பெருமை கொஞ்சமன்று.

மோடம் என்பது யாது என்று இக்காலத்தார் கேட்கக்கூடும். டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காக இடப்பட்டது. வினாடிக்கு 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளையே அதன் வழி தெளிவாகக் கொண்டுசெல்லும். கம்ப்யூட்டரின் எண்களை அவ்வெல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்புவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் எண்களாக்குவதும் மோடத்தின் வேலை. முன்னாளில் அமெரிக்காவில் வெளிவந்த ‘பெல் 103’ என்னும் மோடம் வினாடிக்கு 300 பிட்டுகளையே அனுப்பிற்று. 1994-இல் வகுத்த முறைப்படி அமைந்த எங்கள் மோடமோ 28,800 பிட்டுகள் வரை அனுப்ப வல்லது. இரண்டு மோடங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் முதல் சில வினாடிகளில் கீச்சென்றும் இரைச்சலாகவும் ஒரு கூச்சல் எழும். இணைப்பு அமைந்தபின் அக்கருவி வாய் மூடிக்கொள்ளும். அப்பால் அறையில் மௌனமே நிலவும்.

அந்த மௌனத்திற்குள்தான் வில்லங்கம் மறைந்திருந்தது. மோடம் பேசும் வரையில் மனிதர் பேசவியலாது. வெளியிலிருந்து அழைப்பவர்க்கு ‘எங்கேஜ்’ ஒலி கேட்கும். காரியாலயத்தில் இருக்கும் எங்களுக்கோ, ஒருவர் அழைத்தார் என்பதற்கு எவ்வித அறிகுறியும் தோன்றாது. கிட்டங்கியில் எவரேனும் கருவியைக் கையில் எடுத்துவிட்டாலோ, அச்சிறு கலக்கமே இரண்டு மோடங்களின் தொடர்பை அறுத்துவிடப் போதுமானது.

இவற்றோடு தேசங்களின் கடிகாரமும் சேர்ந்துகொண்டது. ஜப்பானியர் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி முந்தியது. அவர்கள் கடிதங்களைக் காலையில் கடை திறக்குமுன்பே வாங்கிவிடலாம். ஜெர்மானியர் கடிகாரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி பிந்தியது. அவர்கள் காலையில் எழுதுவது நமக்குப் பிற்பகலில் வந்து சேரும். தூத்துக்குடியிலிருந்து எங்கள் ஆட்கள் சரக்கு விவரம் சொல்ல அழைப்பதும் அதே பிற்பகலில்தான். ஆகவே நாள்தோறும் இரண்டு மணிக்கு மேல் அந்த ஒரு கம்பிக்காக ஒரு வழக்கு நடக்கும். “தம்பி, உன் யந்திரம் இன்னும் எவ்வளவு நேரம் கூவும்?” என்பார் அண்ணாச்சி. “ஐந்தே நிமிடம், அண்ணாச்சி” என்பேன். அந்த ஐந்து நிமிடம் ஒருநாளும் ஐந்து நிமிடமாக இருந்ததில்லை.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஒருநாள், ஜெர்மன் வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத் தாள்களைப் படமாக்கி அஞ்சலோடு இணைத்து அனுப்பியிருந்தார். அன்று மாலைக்குள் மறுமொழி அனுப்புதல் வேண்டும். மூன்று மெகாபைட்டு அளவுள்ள அப்படம், அஞ்சலில் செல்லுதற்கேற்ற எழுத்துருவாக மாற்றப்படுங்கால் மூன்றிலொரு பங்கு பெருத்து நான்காகிவிட்டது. குறையில்லாத கம்பியிலேயே அதற்கு ஏறத்தாழ 19 நிமிடம் வேண்டும். எங்கள் கம்பியோ மழை ஈரம் பட்டது. பாதி வேகத்திற்குமேல் இசையவில்லை.

இரண்டு மணி பத்து நிமிடத்திற்குத் தொடங்கினேன். இருபத்தைந்து நிமிடம் சென்றபின் இணைப்புத் தானே அறுந்தது. பாதியில் அறுந்த கடிதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. மீண்டும் முதலிலிருந்தே வாங்கவேண்டும். இரண்டாம் முறையும் முக்காற் பங்கு வந்தது. அத்தருணத்தில் கிட்டங்கியில் யாரோ கருவியை எடுத்தனர். இணைப்பு மறுபடியும் அறுந்தது. யான் சினங்கொண்டு எழுந்து, “யார் எடுத்தது? வைத்துவிடுங்கள்! இனி ஒருவரும் அதைத் தொடக்கூடாது” என்று உரக்கக் கூவினேன்.

எடுத்தவர் எங்கள் மூட்டை சுமக்கும் ஆட்களுள் மூத்தவர். ஐம்பது வயது கடந்தவர். நாங்கள் அவரைப் பெரியவர் என்று அழைப்போம். “மன்னிக்கவேண்டும், தம்பி. மணியே அடிக்கவில்லையே, கருவி கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன்” என்று கூறிவிட்டு மூட்டைகளிடம் சென்றார். ஏன் மணியை எதிர்பார்க்கின்றீர்கள் என்று யான் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு நொடியே போதும். அந்த நொடியையும் மோடத்திற்கே கொடுத்தேன்.

மூன்றாம் முறை தாள்கள் முழுவதும் வந்து சேர்ந்தன. அப்பொழுது மணி மூன்று ஐம்பது. அண்ணாச்சியிடம் கையொப்பம் பெற்று மறுமொழி அனுப்பினேன், ஒப்பந்தமும் கிடைத்தது. அனைவரும் என்னைப் பாராட்டினர்.

நாலரை மணிக்குப் பெரியவரின் மகன் ஓடிவந்தான். மருத்துவமனையில் கிடந்த தன் பாட்டி, பிற்பகலில் நினைவு தெளிந்து, மகனைக் காணவேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டாளாம். அவன் எதிரிலிருந்த டெலிபோன் பூத்தில் நின்று, எங்கள் எண்ணைத் திரும்பத் திரும்பச் சுழற்றியிருக்கின்றான். ஒவ்வொரு முறையும் ‘எங்கேஜ்’ ஒலியே கேட்டது. இப்பொழுது கிடைக்கும், அடுத்து கிடைக்கும் என்று நம்பியே ஒரு மணி நேரத்துக்குமேல் கழித்துவிட்டு, பின்னரே பஸ் ஏறினான். பெரியவர் சென்று சேர்ந்தபோது அம்மூதாட்டிக்கு உயிர் இருந்தது, பேச்சு நின்றுவிட்டது. இரண்டு நாட்களில் அவள் காலமானாள்.

காரியங்கள் முடிந்து, மழித்த தலையோடு அவர் வேலைக்கு வந்த அன்று என் மேசையருகே நின்று கேட்டார்: “தம்பி, அன்றைக்கு அத்தனை நேரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்?” அக்கேள்வியில் சினம் இல்லை, மகன் சொன்னதைக் கேட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். “யாரோடும் பேசவில்லை, பெரியவரே” என்றேன். அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் சற்றுநேரம் அந்தச் சிறு பெட்டியைப் பார்த்திருந்துவிட்டு, “சரி” என்று சொல்லிச் சென்றார்.

அன்று மாலையே அண்ணாச்சியிடம் நடந்ததனைத்தையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், “கம்பிக்குப் பணம் கட்டுகிறவன் நான். ஆனால் அது நம்முடையது பாதிதான், மறுபாதி நம்மைக் கூப்பிடுகிறவனுடையது” என்றார். மறுநாள் ஒரு தாளில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம். கடிதங்களை இணைப்பில்லாதபோதே எழுதி முடித்து, அனுப்புவதற்கு மட்டும் இணைக்கவேண்டும். பகலில் ஒருமுறைக்குப் பத்து நிமிடத்திற்குமேல் மோடம் கம்பியைப் பிடிக்கலாகாது. பெரிய கடிதங்களை இரவில் கடை அடைத்தபின் வாங்கவேண்டும். இவற்றினும் பயனுடையது கடைசி விதி: பக்கத்துக் கடைக்காரரிடம் அனுமதி பெற்று, அவருடைய எண்ணையும் ‘பி.பி.’ எண்ணாகக் கிட்டங்கி ஆட்கள் ஒவ்வொருவர் வீட்டிற்கும் எழுதிக் கொடுத்தோம். மறு ஆண்டு இரண்டாவது கம்பியும் வந்தது.

பின்னர் விஞ்ஞானமும் இவ்வழக்கைத் தீர்த்துவைத்தது. 2000-ஆம் ஆண்டில் வகுத்த மோடம் முறை ஒன்று, அழைப்பு வந்தால் இணைப்பைச் சற்று நிறுத்திவைத்துப் பேச இடந்தந்தது. அப்பால் பரவிய டி.எஸ்.எல். முறையோ, குரலைக் கம்பியின் தாழ்ந்த அதிர்வுகளில் விட்டுவிட்டு, தரவுகளை அதற்கு மிக உயர்ந்த அதிர்வுகளில் செலுத்திற்று. ஒரே கம்பியில் இரு பேச்சும் ஒன்றையொன்று தடுக்காமல் ஓடின. 2005-இல் பி.எஸ்.என்.எல். இதனை நம் ஊர்களுக்கும் கொண்டுவந்தது. இன்றோ மனிதக் குரலே பெரும்பாலும் தரவாக மாறித்தான் செல்கின்றது. அன்று எங்களை அலைக்கழித்த வழக்கு இன்று இல்லை.

ஆயினும் அது கற்பித்த பாடம் என்னைவிட்டு நீங்கவில்லை. பொதுவான ஒரு பொருளைப் பங்கிடும்போது, அறைக்குள் இருப்பவர்களே பங்கு கேட்கின்றோம். அண்ணாச்சி கேட்டார், தூத்துக்குடிக்காக மானேஜர் கேட்டார், ஜெர்மனிக்காக யான் கேட்டேன். பூத்தில் நின்ற அப்பையன் தன் பங்கைக் கேட்பதற்கு அக்கம்பியே அவனுக்கு வேண்டியிருந்தது. யாருக்கு நாம் வழியடைத்தோமோ அவர்களுடைய முறையீடு நம் செவிக்கு எட்டுவதில்லை. எட்டாமையால், முறையீடே இல்லை என்று எண்ணி அமைதியாக இருந்துவிடுகின்றோம்.

இளைய நண்பர்களே, நீங்கள் நாளை பல காரியாலயங்களில் அமர்வீர்கள். நேரம், பணம், அதிகாரம் என்று ஏதேனும் ஒரு கம்பி உங்கள் கையில் இருக்கும். அதைப் பங்கிட உட்காரும்போது, மணி அடிக்கவில்லையே என்று எவரேனும் வந்து சொன்னால், தயவுசெய்து ஒரு நொடி நின்று, “யாருடைய அழைப்பை எதிர்பார்க்கின்றீர்கள்?” என்று கேளுங்கள். யான் கேட்கத் தவறிய கேள்வி அது ஒன்றே.