இருண்ட திரை

2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், எங்கள் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் தயங்கி நின்றார். அவருடைய கணவர் பொறியியற் கல்லூரியொன்றில் கணிப்பொறி கற்பித்த பேராசிரியர். 2021இல் காலமானார். நான் இப்பங்கிற்கு வந்தது அதற்கடுத்த ஆண்டு என்பதால் அவரை நான் நேரில் கண்டதில்லை.

“சாமி, வீட்டில் அவருடைய பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்கிறார். ஊர்ப் பையன்களுக்காக அவர் எழுதிய பாடங்களெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர் என்கிறார்களே” என்றார்.

உண்மைதான். குருத்துவப் பட்டம் பெற்ற மறு ஆண்டு, 1999இல், மறைமாவட்டக் கல்லூரியின் தேவை கருதிக் கணிப்பொறி பயில என்னை அனுப்பி வைத்தார்கள். படித்தது பலவும் மறந்துவிட்டது. ஆயினும் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அன்று மாலையே சென்றேன்.

மேசையின்மேல் துணி போர்த்தி வைத்திருந்த பெட்டியைக் கண்டவுடன் பழைய நண்பரைக் கண்டாற்போல் இருந்தது. நீள அகலம் 16 அங்குலமும் உயரம் 3 அங்குலமும் கொண்ட தட்டையான சாம்பல் நிறப் பெட்டி. ‘ஸ்பார்க்ஸ்டேஷன் 5’ என்று பெயர். 1982இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதை 1994இல் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வலையமைப்பு என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்ததே ‘சன்’ என்ற பெயர். 2010இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. பொறியாளரும் ஆராய்ச்சியாளரும் ஒரு காலத்தில் பெரும் விலை கொடுத்து வாங்கிய பணிநிலையக் கணிப்பொறிகள் இவை. கல்லூரி ஏலத்தில் கழித்துவிட்ட ஒன்றைப் பேராசிரியர் சொற்ப விலைக்கு எடுத்து வந்து, மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு யூனிக்ஸ் கற்பித்திருக்கிறார்.

அம்மையாரின் இசைவோடு பெட்டியைப் பங்கு இல்லத்திற்குக் கொண்டுவந்தேன். அடுத்த பத்து நாள்கள், இரவு உணவுக்குப்பின் கிடைத்த நேரமெல்லாம் அதனோடு கழிந்தது.

திரை இருண்டிருந்தால் பெட்டி செத்துவிட்டது என்பதில்லை. மருத்துவர் முதலில் நாடி பார்ப்பதுபோல் முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தினேன். முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, வட்டு சுழலத் தொடங்கும் மெல்லிய ஓசையும் கேட்டது. அளவுகோல் வைத்துப் பார்த்ததில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாகவே இருந்தன. இத்தனை ஆண்டுகளில் மின்வழங்கியின் மின்தேக்கிகள் காய்ந்துபோயிருக்கும் என்று அஞ்சியிருந்தேன். அந்த அச்சம் நீங்கியது.

இரண்டாவதாக நினைவகப் பலகைகள். எங்கள் ஊர் கடலோரம். உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பலகைகளைக் கழற்றி, அவற்றின் தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்தினேன். திரை அட்டையையும் அவ்வாறே கழற்றி மாட்டினேன். திரை இருண்டே இருந்தது.

மூன்றாவதாகத் திரையையே ஐயுற்றேன். இவ்வகைப் பெட்டியின் படம் வெளிவரும் துளை நம் வீட்டுக் கணிப்பொறிகளில் காண்பது போன்றதன்று. வண்ணங்களுக்கு மூன்று தடித்த முனைகளும், பிற குறிகைகளுக்குப் பத்துச் சிறிய முனைகளும் கொண்டது. பேராசிரியரின் பழைய கண்ணாடிக் குழாய்த் திரை உடைந்துபோனதால், இடைமாற்றி ஒன்றை வரவழைத்து அலுவலகத்தின் தட்டைத் திரையை இணைத்திருந்தேன். படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது, ஒவ்வொரு படமும் எங்கே தொடங்குகிறது என்று அறிவிக்கும் இரு குறிகைகளையும் இப்பெட்டி ஒன்றாகக் கலந்து ஒரே கம்பியில் அனுப்புகிறது. பிரித்துத் தந்தால் மட்டுமே புரிந்துகொள்ளும் திரைகள் உண்டு. குற்றம் அங்கேதான் இருக்கவேண்டுமென்று எண்ணி வேறு இரு திரைகளை இரவல் வாங்கிப் பார்த்தேன். மூன்றும் இருண்டே நின்றன.

எட்டாம் நாள் இரவு மனம் தளர்ந்தது. “முடிந்துவிட்டது, இனி இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம்” என்று அம்மையாரிடம் சொல்லத் துணிந்தேன். அப்போது கல்லூரி ஆய்வுக்கூடத்தின் மூலையிலிருந்த, திரையே இல்லாத பெட்டிகள் நினைவுக்கு வந்தன. எங்கள் ஆசிரியர் அவற்றின் பின்புறத்தில் ஒரு கம்பியைச் செருகி, வேறொரு கணிப்பொறியிலிருந்து அவற்றோடு உரையாடுவார்.

என் பெட்டியின் பின்புறத்திலும் அத்தகைய தொடர் துளை இருந்தது. 25 முனைகள் கொண்டது. அதற்குரிய கம்பியில் ஒரு நுட்பம் உண்டு. நேர்க்கம்பியை மாட்டினால் ஒன்றின் வாயும் மற்றதன் வாயும் இணைந்துவிடும்; இரண்டும் பேசும், இரண்டுக்கும் கேளாது. ஒன்றின் வாய் மற்றதன் செவியோடு சேரும்படி குறுக்கே மாற்றிக் கட்டிய கம்பி வேண்டும். அதை மடிக்கணினியில் இணைத்து, விநாடிக்கு 9600 துணுக்குகள் என்னும் வேகத்தை அமைத்துவிட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மடிக்கணினியில் வரிகள் ஓடி வந்தன. பெட்டி தன் பெயரைச் சொன்னது. தன்னிடமுள்ள நினைவகத்தின் அளவைச் சொன்னது. பெயருக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் சொன்னது: விசைப்பலகை இல்லை.

நான் திகைத்துப்போனேன். விசைப்பலகை இல்லை என்பது எனக்குத் தெரியாததன்று. அம்மையார் வீட்டில் அது கிடைக்கவில்லை; படம் வருவதற்கு விசைப்பலகை எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். நாம் வழக்கமாகப் பழகும் கணிப்பொறிகளில் அப்படித்தான். ஆனால் இப்பெட்டியை அமைத்தவர்கள் வேறு விதமாக எண்ணியிருக்கிறார்கள். விழித்தவுடன் அது விசைப்பலகையைத் தேடுகிறது. விசைப்பலகை இல்லையென்றால், தன் முன்னே அமர்ந்து இயக்க ஆள் இல்லை என்று முடிவு செய்கிறது. உடனே திரையை விட்டுவிட்டுத் தொடர் துளை வழியாகப் பேசத் தொடங்குகிறது. எட்டு இரவுகளும் அது பேசிக்கொண்டேதான் இருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டு, அது செத்துவிட்டது என்று தீர்ப்பிட்டேன்.

மறுநாள் அம்மையாரிடம் சென்று விசைப்பலகை எங்கே என்று கேட்டேன். அவர் முகம் மாறியது.

“மகன் எடுத்துப் போய்விட்டான், சாமி. அடக்கம் முடிந்த நான்காம் நாள். அப்பாவின் பொருள் ஒன்றுகூட எனக்கு மிஞ்சக்கூடாது என்ற எண்ணம் போலும். அதன்பின் வரவும் இல்லை, பேசவும் இல்லை.”

பெங்களூரில் பணியாற்றும் அவருடைய ஒரே மகனைப் பற்றி ஊரார் பேசியதை நானும் கேட்டிருந்தேன். தந்தையின் இறுதி நோயின்போது பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவர் விரும்பியதும், தந்தை மறுத்ததும், துக்க வீட்டில் தாயும் மகனும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிச் சுடுசொல் பேசியதும் பலரறிந்த செய்தி. பெற்ற தாயை மூன்றாண்டுகளாக எட்டிப் பாராத பிள்ளை என்று நானும் மனத்துக்குள் தீர்ப்பிட்டிருந்தேன்.

தயக்கத்தோடு அவருக்குத் தொலைபேசினேன். விசைப்பலகையைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“என் மேசையில்தான் இருக்கிறது, ஃபாதர். எதிலும் மாட்டவில்லை. அப்பாவின் விரல் பட்டுச் சில எழுத்துகள் தேய்ந்துபோயிருக்கின்றன. அதனால் எடுத்து வந்தேன்” என்றார். சற்று நேரம் மௌனம். பிறகு, “மாதந்தோறும் 14ஆம் நாள் அப்பா பெயரைப் பூசையில் வாசிக்கிறீர்களா? அம்மா அப்போது கோவிலில் இருப்பார்களா? அவர்கள் காதில் விழுகிறதா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. மாதந்தோறும் அக்கருத்துக்கான காணிக்கை பங்கின் வங்கிக் கணக்கிற்கு வந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் குறித்துத் தருவதை நான் பீடத்தில் வாசித்துவிடுவேன். அனுப்புபவர் யார் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அம்மையார் தவறாமல் அத்திருப்பலிக்கு வருவார். கணவரிடம் படித்த மாணவர்கள் யாரோ நன்றி மறவாமல் செய்கிறார்கள் என்று என்னிடமே ஒருமுறை சொல்லி நெகிழ்ந்திருக்கிறார். மகன் மூன்றாண்டுகளாகத் தாயோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இடையிலிருந்த கம்பி நான். அதை ஒழுங்காகக் கட்டாதவனும் நானே.

அன்று மாலையே அம்மையாரிடம் சென்று உள்ளதைச் சொன்னேன். கேட்காமலிருந்தது என் குறை என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “அந்த 14ஆம் தேதிப் பூசை அவனுடையதா?” என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அன்றிரவு தாமே மகனுக்குத் தொலைபேசியதாகப் பின்னர் அறிந்தேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகன் விசைப்பலகையோடு வந்தார். பெட்டியை மீண்டும் அவர்கள் வீட்டு மேசையின்மேல் வைத்தோம். விசைப்பலகையைச் செருகிப் பொத்தானை அழுத்தினார். சிறிது நேரத்தில் திரை வெண்மையாகி, அச்சிட்ட தாள்போல் கறுப்பு எழுத்துகள் தோன்றின.

வேலை அத்தோடு முடியவில்லை. பெட்டிக்குத் தன் அடையாளமே மறந்துபோயிருந்தது. நாளையும் நேரத்தையும் காக்கின்ற சில்லு ஒன்று அதில் உண்டு. பெட்டியின் தனி அடையாள எண்ணும் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். அச்சில்லுக்குள் அடைத்த சிறு மின்கலத்தின் ஆயுள் ஏறக்குறைய பத்து ஆண்டுகள்தாம். அது ஓய்ந்துவிட்டால் மின்சாரம் நிற்கும்போதெல்லாம் பெட்டி தன்னை மறந்துவிடும். நல்வேளையாகச் சில்லின்மேல் ஒட்டிய சீட்டில் எண்ணின் பகுதி இருந்தது. மொத்தம் 16 எண்களை உள்ளிட வேண்டும். முதல் 15 எண்களிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண்ணே பதினாறாவது. தேய்ந்த எழுத்துகளின்மேல் மகனின் விரல்கள் தடுமாறாமல் சென்றன. தந்தையிடம் அவர் கற்றது அந்தப் பலகையில்தான்.

வட்டிலிருந்து பெட்டி முழுமையாக எழுந்தது. கடவுச்சொல்லும் மகனுக்குத் தெரிந்திருந்தது. பாடங்கள் அனைத்தும் அப்படியே இருந்தன. பயின்ற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார் பேராசிரியர். அம்மையார் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, யார் வீட்டுப் பிள்ளை, இப்போது எங்கே இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிலவற்றை மகன் திருத்தினார். இரண்டொரு இடத்தில் இருவருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. நான் காப்பியைக் குடித்துவிட்டு விடைபெற்றேன்.

பாடங்களை வலையமைப்புக் கம்பி வழியே மடிக்கணினியில் படியெடுத்துக்கொண்டோம். மின்கலச் சில்லை மாற்றியாகிவிட்டது. இரும்புக்காரருக்குப் பெட்டி கிடைக்கவில்லை. விசைப்பலகையை மகன் திரும்ப எடுத்துச் செல்லவில்லை. அது தாய் வீட்டு மேசையில் இருக்கிறது. அவருக்கும் தாய்க்கும் இடையே எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது மிகை. மாதம் ஒருமுறை வருகிறார். தந்தையின் நோயைப் பற்றிய பேச்சு எழுந்தால் இன்னும் இருவரும் மௌனமாகிவிடுகிறார்கள் என்று அம்மையாரே சொன்னார். அவ்வீட்டார் இருவரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

என்னளவில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்து எழுதும் ஏட்டில், யாருக்காக என்ற கட்டத்துக்கு அடுத்து, யார் கேட்கிறார் என்று இன்னொரு கட்டம் போடச் சொல்லிவிட்டேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்பவர்களைத் தவிர, மற்றவர்களின் பெயரையும் சேர்த்தே இப்போது வாசிக்கிறேன்.