ஒரு லிட்டர்னா எவ்வளவு? (சின்ன த்ரெட்)

1/ 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துருச்சு. வெள்ளம் வடிஞ்சதும் ஏரல் பக்கம் கொற்கைக்கு மருத்துவ முகாம் போனோம். நாம பாடத்துல படிச்ச பாண்டியர் முத்துத் துறைமுகம் அதுதான்.

2/ வெள்ளத்துக்குப் பின்னாடி வயித்துப்போக்கு வரும். அதனால எல்லார்கிட்டயும் ஓ.ஆர்.எஸ். கொடுத்து, "ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணில கலக்குங்க"ன்னு சொன்னேன். தலையாட்டினாங்க. நானும் அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டேன்.

3/ கூட வந்த என்.எஸ்.எஸ். மாணவி மட்டும் ஒரு ஆச்சிகிட்ட, "எப்படிக் கலக்குவீங்க, செஞ்சு காட்டுங்க ஆச்சி"ன்னு கேட்டா. ஆச்சி முழு பாக்கெட்டையும் ஒரே டம்ளர்ல கொட்டிட்டாங்க. பக்கத்துல வயித்தால போயி துவண்டு கிடந்த பேரன்.

4/ அது ஆபத்துங்க. உப்பு அளவு மீறினா ரத்தத்துல சோடியம் ஏறி, குழந்தைக்கு வலிப்புகூட வரலாம்.

5/ நிவாரணத்துல வந்த தண்ணி பாட்டிலை அவ தூக்கிக் காட்டினா. "ஆச்சி, இதுதான் ஒரு லிட்டர். இந்த முழு பாட்டிலுக்கு ஒரு பாக்கெட்." அதே பாட்டிலோட வீடு வீடா போனா. பாத்திரம் பண்டமெல்லாம் ஆத்தோட போனவங்ககிட்ட நான் லிட்டர் கணக்கு சொல்லிட்டு இருந்திருக்கேன்!

6/ நீங்களும் பாக்கெட் மேல இருக்குற அளவைப் பாருங்க. பெருசுன்னா 1 லிட்டர், சின்னதுன்னா 200 மி.லி. கொதிச்சு ஆறின தண்ணில கலக்கி, கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. 24 மணி நேரம் தாண்டினா கொட்டிருங்க. குழந்தை துவண்டாலோ, ஒண்ணுக்கு போறது குறைஞ்சாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.