எதிர்வீட்டார் தந்த மெழுகுதிரி

கல்யாண் நகரில் நாங்கள் குடியேறி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளும் எங்கள் எதிர்வீட்டில் வாழ்பவர் தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு கிறித்தவ அம்மையார். பொங்கலன்று எங்கள் வீட்டில் அவருக்கும் ஓர் இலை உண்டு. கிறிஸ்துமஸ் நாளில் அவர் தரும் கேக்கையோ, முட்டை கலந்ததாயிற்றே என்று, வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிடுவோம். நள்ளிரவுப் பூசைக்கு ஒருமுறையேனும் வருமாறு ஆண்டுதோறும் அழைப்பார். ஆகட்டும் என்போம், போனதில்லை.

மகளைக் காணச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது அவர் ஒரு மெழுகுதிரியுடன் வந்து தயங்கி நின்றார். "அண்ணாச்சி, என் தம்பி அங்கே வேலை பார்த்து, அங்கேயே கண்ணை மூடினான். ஓபிர் சாலை மாதா கோயிலில்தான் கும்பிடுவான். எனக்காக இதை ஏற்றி வரவேண்டும்" என்றார்.

ஞாயிறன்று சென்றோம். 1888இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் அது. பிரான்சு நாட்டின் லூர்து நகர்ப் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு, அங்கு வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்டது. 2005இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நெற்றியில் திருநீற்றுடன் நுழையலாமா என்று வாயிலில் ஒரு கணம் தயங்கினோம். பின்வரிசையில் இருந்த தொழிலாள இளைஞர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். எப்போது எழ வேண்டும், எப்போது அமர வேண்டும் என்பதையும் அவரே சைகையால் உணர்த்தினார்.

கட்டடத்தின் தோற்றம் ஐரோப்பியம். காதில் விழுந்ததோ தமிழ். பூசை மந்திரங்கள் இலத்தீனில் ஒலித்த காலம் ஒன்று உண்டு. 1963இல் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளுக்கு வழி திறந்தது. அதன் பயனை அன்று நாங்களும் அடைந்தோம். வீட்டைப் பிரிந்து உழைப்போருக்காகவும், அயல்மண்ணில் மறைந்தோருக்காகவும் மன்றாடியபோது, எங்களை அறியாமலே தலை குனிந்தோம். அவ்வேண்டுதலில் எதிர்வீட்டாரின் தம்பியும் இருந்தார். ஊரைவிட்டு வந்த நாங்களும் இருந்தோம்.

சமாதானம் கூறும் வேளையில் அனைவரும் எங்கள் பக்கமும் திரும்பிக் கைகூப்பினர். எங்கள் திருநீறு அவர்களுக்குத் தடையாகத் தோன்றவில்லை. அவர் தந்த கேக் எங்களுக்குத் தடையாக இருந்ததே என்று நாணினோம்.

நற்கருணை பெற மற்றவர்கள் சென்றபோது நாங்கள் இருக்கையிலேயே இருந்தோம். பூசை முடிந்ததும் மாதாவின் முன் மெழுகுதிரியை ஏற்றினோம். காற்றில் சுடர் அலைந்தது. கைகளால் மறைத்து நின்றோம். இளைஞர் எங்கள் ஊரை வினவினார். கல்யாண் என்றதும், "எங்கள் சித்தப்பா தாராவியில் இருக்கிறார்" என்று முகம் மலர்ந்தார்.

ஊர் திரும்பியதும் அம்மையார் கேட்டது ஒன்றே: "நின்று எரிந்ததா, அண்ணாச்சி?"

"எரிந்தது, அம்மா."

அவ்வாண்டு நள்ளிரவுப் பூசைக்கு அவருடன் சென்றோம். கடல் கடந்து சென்று கண்ட வழிபாடு, எங்கள் தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இத்தனை காலமும் நடந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில், கேக்கைப் பற்றிய உண்மையையும் சொல்லிவிட்டோம். அவர் நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணாச்சி? முட்டையில்லாமல் செய்திருப்பேனே!"