அரை டம்ளர் தண்ணீர்

அக்டோபர் 20

பிரிட்டனில் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களில் பலர் இந்த மாதக் கடைசியோடு வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, குளியல் எல்லாம் அடங்கிய அந்தச் சிறு வீட்டுக்கு மார்ச் வரை ஓய்வு. குளிரில் முதலில் கெடுவது அதன் தண்ணீர்ப் பாதைதான்: பம்பு, வடிகட்டி, வெந்நீர்க் கலன், குழாய்கள், டேப்புகள். இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் மூன்று விடை வரும். சூடு காட்டு, போர்த்தி வை, உறையாத திரவத்தை ஊற்று. மூன்றுக்கும் இடம் உண்டு. ஆனால் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இவை மூன்றும் துணைதான். தண்ணீரை வெளியேற்றி, மிஞ்சியது விரிவதற்கு இடம் விட்டு வைப்பதே காப்பு என்பது என் கட்சி.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதற்குக் கீழே போனால் மெல்ல விரியத் தொடங்கி, உறையும்போது ஒரேயடியாகச் சுமார் 9 சதவீதம் பருத்துவிடும். முழுக்க நிரப்பி மூடி ப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் உடைகிறது. முக்கால் பாகம் நிரப்பித் திறந்து வைத்தது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. குளிரும் தண்ணீரும் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் போக்கிடம் இருந்தது, மற்றதில் இல்லை. அசையவே வழியில்லாமல் அடைபட்ட தண்ணீர் மைனஸ் 22 டிகிரிவரை குளிர்ந்தால் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல இரண்டாயிரம் மடங்கு அழுத்தம் தரக்கூடும். வண்டியின் பம்பு தருவது இரண்டு மூன்று மடங்குதான். அதைத் தாங்கச் செய்த குழாயை இன்னும் கொஞ்சம் கெட்டியாகச் செய்வதால் என்ன மாறிவிடப் போகிறது?

1990-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வீட்டுக் குழாய்களை உறையவைத்துப் பார்த்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. பனிக்கட்டி சுவரை நெம்புவதால் அதே இடத்தில் குழாய் வெடிக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நடப்பது வேறு. குழாயின் நடுவே பனிக்கட்டி தக்கைபோல் அடைத்துக்கொண்டு வளர்கிறது. அந்தத் தக்கைக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் இன்னும் உறையவே இல்லை. ஆனால் அதன் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் பனி இல்லாத இடத்தில், பலவீனமான இணைப்பு ஒன்றில் விட்டுவிடுகிறது. ஆக, திறந்து வைத்த டேப் வெறும் வடிகால் மட்டுமல்ல. மிச்சத் தண்ணீருக்கு அதுவே தப்பும் வழி.

அக்டோபர் 27

பெரிய தொட்டியைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நூறு லிட்டர் தண்ணீர் உறைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் வெளியேறியாக வேண்டும். நூறு லிட்டர் ஓரிரவில் கட்டியாகிவிடாது. பாதி நிரம்பிய தொட்டியில் மேலே காற்றும் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் குழாயின் கதை வேறு. ஒரு மீட்டர் நீளத்தில் அதற்குள் இருப்பது ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், அரை டம்ளர்கூட இல்லை. அந்தக் கொஞ்சத் தண்ணீரைச் சுற்றிலும் குளிர்ந்த சுவர். டேப்பின் உட்பகுதியில் இருப்பதோ ஒரு ஸ்பூன். எது முதலில் உறையும் என்பதில் சந்தேகமே வேண்டாம். தொட்டியைக் காலி செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர் தண்ணீரில் பெரும்பங்கை வெளியேற்றிவிட்டார், ஆபத்தில் பெரும்பங்கை உள்ளேயே வைத்திருக்கிறார்.

நவம்பர் 3

வடிப்பது எப்படி என்பதையும் எழுதி வைக்கிறேன். பலரும் தடுக்குவது இதில்தான். முதலில் ஹீட்டரை அணைத்து, வெந்நீர் ஆறிய பிறகு தொட்டியின் வடிகாலையும் வெந்நீர்க் கலனின் வால்வையும் திறக்க வேண்டும். எல்லா டேப்பையும் திறக்க வேண்டும். ஒற்றைக் கைப்பிடி டேப் என்றால் கைப்பிடியை மேலே தூக்கி நடுவில் நிறுத்துவது முக்கியம். வெந்நீர்ப் பக்கமே திருப்பி விட்டால் குளிர்நீர்ப் பக்கத்தின் வாசல் மூடியே இருக்கும், அந்தக் குழாய்க்குள் காற்று நுழையாது. காற்று நுழையாத குழாயிலிருந்து தண்ணீர் முழுசாக இறங்காது. ஷவர் தலையைக் கழற்றிக் குலுக்கி, அதன் குழலைத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எடுத்து, கிண்ணத்தில் நிற்பதைக் கொட்ட வேண்டும். கழிப்பறையின் ஃப்ளஷ், வண்டிக்கு வெளியே வைத்திருக்கும் ஷவர் டேப் இரண்டையும் மறப்பவர்கள் அதிகம். பிறகு பம்பைச் சில நொடி மட்டும் ஓடவிட்டு, அதன் வயிற்றில் நிற்பதைத் துப்பவைத்து மின்சாரத்தை அணைக்கலாம். வடிகால்களைத் திறந்தபடியே கொஞ்சதூரம் ஓட்டிவிட்டு வந்தால், தாழ்ந்து வளைந்த இடங்களில் தேங்கியது குலுங்கி வெளியே வரும். அப்புறம் எல்லாம் திறந்தபடியே குளிர்காலம் முழுக்க இருக்கட்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். இப்போதைய வண்டிகளில் தானாகவே திறக்கும் வால்வு இருக்கிறதே, அது போதாதா? ஜெர்மனியின் ட்ரூமா நிறுவனத்தின் ‘ஃப்ராஸ்ட் கன்ட்ரோல்’ ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் உண்டு. மின்சாரம் இல்லாமலே, சுமார் 3 டிகிரிக்கு வெப்பம் இறங்கினால் அது திறந்துகொள்ளும். 7 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் மறுபடி மூட முடியும். அருமையான கருவி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது காப்பது வெந்நீர்க் கலனை. அந்த நிறுவனத்தின் காம்பி ஹீட்டரில் இருக்கும் 10 லிட்டரை. மறுகோடியில் உள்ள பம்பும் வடிகட்டியும் மூடிக் கிடக்கும் டேப்பும் அதன் பொறுப்பில் இல்லை. பயணத்துக்கு முந்தைய இரவில் நிரப்பிய தண்ணீரைக் கொட்டிவிடுகிறதே என்று அந்தக் குமிழில் துணிக் கிளிப்பை மாட்டி, திறக்கவிடாமல் தடுக்கும் பழக்கமும் இருக்கிறது. எரிச்சல் புரிகிறது. என்றாலும் கடைசிக் காவலாளியின் கையையே கட்டிவைக்கும் வேலை அது. கிளிப் எடுக்க மறந்த ஒரே இரவு போதும்.

நவம்பர் 24

பிரிட்டன் குளிர் ஒன்றும் கனடா குளிர் இல்லையே என்பது அடுத்த வாதம். உண்மைதான், ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கனடாவில் குளிர்காலம் நிச்சயம் என்பதால், முதல் உறைபனிக்கு முன்பே வண்டியைத் தயார்செய்வது அங்கே வழக்கமாகிவிட்டது. பிரிட்டனில் இரண்டு வாரம் மழையும் மிதமான குளிருமாகப் போகும், ஒத்திப்போடத் தோன்றும், திடீரென்று ஓரிரவு வானம் தெளிந்து வெப்பம் சரியும். 2010 டிசம்பரை எடுத்துக்கொள்ளலாம். 1659 முதல் தொடரும் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைப் பதிவில், 1890-க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் அதுவரை வந்ததில்லை. மாதத்தின் சராசரியே உறைநிலைக்குக் கீழே இருந்தது. ஆகவே வானிலை அறிவிப்பைப் பார்த்து முடிவுசெய்வதைவிட, நாள்காட்டியில் ஒரு தேதி குறித்து அன்றைக்கு வடித்துவிடுவது மேல்.

டிசம்பர் 8

சூடு காட்டுவதைப் பற்றி. குடும்பத்தோடு பனிச்சறுக்குப் பிரதேசத்துக்குப் போய் வண்டியிலேயே தங்குகிறவர்களுக்கு இதுதான் சரியான வழி. நான் அதை மறுக்கவில்லை. இரட்டைத் தளம் வைத்து, தொட்டியையும் குழாயையும் அதன் சூட்டுக்குள் அடக்கிய வண்டிகள் அதற்காகவே செய்யப்படுகின்றன. ஆளில்லாமல் நிற்கும் வண்டியில்தான் இது நம்பத்தகாதது. பியூட்டேன் வாயு மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே திரவமாகவே நின்றுவிடும். மைனஸ் 42 வரை ஆவியாகும் புரொப்பேன் வேண்டும், அதுவும் இடைவிடாமல் எரித்தால் சிலிண்டர் சில நாளைக்குமேல் தாங்காது. மின்சார ஹீட்டர் என்றால் மின்வெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் வந்தபோது லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது, சூடு போனது, பின்னாலேயே குழாய்கள் வெடித்தன. குளிர் உச்சத்தில் இருக்கும்போதுதான் மின்கட்டமைப்புக்கும் சோதனை வருகிறது. காலியான குழாய்க்கு மின்சாரம் தேவையில்லை.

போர்த்துவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. உள்ளே சூடு பிறந்தால்தான் போர்வை அதைக் காக்கும். சூடே பிறக்காத குழாய்க்குச் சுற்றிய உறை, உறைவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

ஜனவரி 12

உறைதடுப்புத் திரவம் கனமான எதிர்வாதம். வட அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்க்கென்றே விற்கப்படும் இளஞ்சிவப்புத் திரவத்தில் பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைகால் இருக்கிறது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைகால் நஞ்சு; தவறிக்கூட அது குடிநீர்ப் பாதைக்குள் போகக்கூடாது. மைனஸ் 30 டிகிரியைப் பார்க்கும் ஊர்களில் வளைவுகளில் தேங்கியதைக்கூட விட்டுவைக்க முடியாது என்பதால் அங்கே இது நியாயமான ஏற்பாடு. ஆனால் கேனில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வெப்பநிலை, பெரும்பாலும் குழாய் வெடிக்காமல் தாங்கும் அளவைச் சொல்வது. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகத் தொடங்கிவிடும். மிச்சத் தண்ணீரோடு கலந்து நீர்த்துவிட்டால் அந்த எண்ணையும் நம்ப முடியாது. அதனால் இதை ஊற்றுவதற்கும் முதலில் வடித்தாக வேண்டும்; வெந்நீர்க் கலனை வடித்து ஒதுக்கிவிட்டுத்தான் அங்கேயும் ஊற்றுகிறார்கள். வடிக்கவே முடியாத ஓரிடம் உண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் ஷவருக்கும் கீழே நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தங்கும் வளைகுழாய். அதில் ஒரு கோப்பை ஊற்றிவைப்பதை நானும் ஆதரிக்கிறேன்.

இப்போதைய பிளாஸ்டிக் குழாய் வளைந்துகொடுக்கும், வெடிக்காது என்பார்கள். குழாய் தாங்கலாம். அதைக் கோத்திருக்கும் எல்போவும் பம்பின் தலையும் வடிகட்டியின் கிண்ணமும் அப்படிச் செய்தவை அல்லவே.

மார்ச் 6

உறையும்போது நேரும் சேதம் உருகும்போதுதான் தெரியவரும், ஏனென்றால் அதுவரை பனிக்கட்டியே ஓட்டையை அடைத்திருக்கும். 2018-இல் பிப்ரவரி கடைசியில் தொடங்கிய கடுங்குளிர் மார்ச் முதல் வாரத்தில் விலகி, பனி உருகியபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எங்கும் குழாய் ஒழுகல். 2 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் இல்லாமல் போனது. வீட்டுக் குழாயானால் தண்ணீர் தானாகவே பீறிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். காலி வண்டியில் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. நாம்தான் தேட வேண்டும். அதனால் முதல் பயணத்துக்குக் கிளம்புகிற காலையில் நிரப்பாமல், வீட்டு வாசலில் ஒரு நாள் ஒதுக்கி நிரப்புவது நல்லது. வடிகால்களை மூடி, தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பம்பைப் போட்டு, ஒவ்வொரு டேப்பாகக் காற்று போகும்வரை திறந்து மூட வேண்டும். எல்லாம் மூடியபின் அழுத்தம் ஏறியதும் நின்றுவிடுகிற வகைப் பம்பானால், சத்தம் இல்லாமல் கால் மணி நேரம் காத்திருக்கலாம். யாரும் டேப்பைத் தொடாமலே அது மறுபடி ஓரிரு நொடி உறுமினால் எங்கோ ஒழுகுகிறது. டேப்பைத் திறந்தால் மட்டுமே ஓடும் வகையானால் இந்தச் சோதனை பலிக்காது. டார்ச்சும் காய்ந்த காகிதத் துண்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் துடைத்துப் பார்த்தாக வேண்டும். ஷவர் டேப்பின் பின்பக்கத்தையும் பம்பின் அடியையும் முதலில் பார்க்கலாம், பெரும்பாலும் ஈரம் அங்கேதான் தட்டுப்படும்.