மாதிரி வந்த வழி

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் கருவியைப் பார்க்கத்தான் துடிப்பார்கள். நான் அவர்களை முதலில் உறைபெட்டி இருக்கும் அறைக்கு அழைத்துப் போவேன். மைனஸ் 80 டிகிரியில் அடுக்கி வைத்திருக்கும் குழாய்களில் ஒன்றைக் காட்டி, இது எந்த ஊர், உடம்பை விட்டு வெளியே வந்து எவ்வளவு நேரம் கழித்துக் குளிருக்குப் போனது, வழியில் எங்கெல்லாம் நின்றது என்று கேட்பேன். பதிவேட்டில் பதில் இல்லாத குழாயை ஓட்டிப் பார்க்கலாம். எண்கள் ஏராளமாக வரும். அந்த எண்களை வைத்து ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவு வராது.

புரோட்டியோமிக்ஸ் என்பது ஒரு திசுவிலோ ரத்தத்திலோ இருக்கும் புரதங்கள் அத்தனையையும் ஒருசேரப் படிக்கும் முயற்சி. கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருப்பதற்குக் காரணம் அங்கங்கே உருவாகும் புரதங்கள். ஒரு செல் புற்றாக மாறும்போது இந்தக் கணக்கு குலைகிறது. சில புரதங்கள் பெருகும், சில மறையும், சிலவற்றின் மேல் பாஸ்பேட் ஏறிக்கொண்டு ஓயாமல் வளரச் சொல்லும். குலைந்த கணக்கை எடையால் படிப்பதே எங்கள் வேலை.

முழுப் புரதத்தை அப்படியே எடைபோடுவது கடினம். டிரிப்சின் என்ற நொதியை விட்டு இரவு முழுக்க வெட்டவிடுவோம். அது லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கு அடுத்த இடத்தில் மட்டும் வெட்டும். கிடைக்கும் பெப்டைடுத் துண்டுகளை காலம் (column) என்ற மெல்லிய குழாயின் வழியே பிரித்து, எடைபார்க்கும் கருவியான மாஸ் ஸ்பெக்கின் வாசலுக்கு அனுப்புவோம். அங்கே முடியைவிட மெல்லிய துளையுள்ள ஊசி ஒன்று, இரண்டாயிரம் வோல்ட் அளவு மின்னழுத்தத்தில் நிற்கும். நிமிடத்துக்கு 300 நானோலிட்டர் ஓட்டம். சாதாரணமாக ஒரு சொட்டு என்று நாம் சொல்லும் அளவு அந்த முனையைக் கடக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகும். முனையிலிருந்து தெறிக்கும் ஸ்ப்ரே சரியாக இருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முனையில் துளி திரண்டு தொங்கினால் எங்கோ அடைப்பு, அல்லது கசிவு. சிறு விளக்கை அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முனையைப் பார்த்தபடி நின்ற இரவுகள் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் இப்படிக் காற்றில் பறக்கவிடலாம் என்று காட்டிய ஜான் ஃபென்னுக்கு 2002-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உள்ளே போன அயனிகள் ஆர்பிட்ராப் என்ற அறையில் ஒரு உலோகக் கதிரைச் செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே, அதன் நீளவாக்கில் முன்னும் பின்னும் ஊசலாடும். ஒரே மின்னூட்டம் கொண்டவற்றில் இலேசானது வேகமாக ஊசலாடும், கனமானது மெதுவாக. அந்த அதிர்வெண்ணைக் கேட்டே எடையைச் சொல்லிவிடலாம். துல்லியம் பத்து லட்சத்தில் சில பங்கு.

இவ்வளவு துல்லியத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கருவி நோயை மட்டும் படிப்பதில்லை. மாதிரிக்கு நேர்ந்த அத்தனையையும் படிக்கிறது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் எடையில் 16 கூடியிருந்தால் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. அது உடம்பில் ஏறியதாகவும் இருக்கலாம், காற்றுப்பட்டுக் கிடந்ததில் ஏறியதாகவும் இருக்கலாம். 43 கூடியிருந்தால் யாரோ யூரியா கரைசலைச் சூடாக்கியிருக்கலாம். 28 கூடியிருந்தால் பெப்டைடு ஃபார்மிக் அமிலத்தில் நெடுநேரம் ஊறியிருக்கக்கூடும். ஆட்டு ரோமத்தின் கெரட்டின் வரிசையாகத் தெரிந்தால் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டவர் குழாயைத் திறந்திருக்கிறார். அறுவை அறையில் ரத்த ஓட்டத்தை நிறுத்திய பிறகு கட்டி குளிருக்குப் போகத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் அதில் பதிவாகிறது. புரதங்களின் அளவு பெரிதாக மாறாமல் இருக்கும்போதே, பாஸ்பேட் குறிகள் சில நிமிடங்களில் மாறத் தொடங்கிவிடுகின்றன. இவற்றில் நோய் எழுதியது எது, வழி எழுதியது எது என்று பிரித்தறிவதில்தான் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி போயிருக்கிறது. அதை வீண் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

இதைப் பிரிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2002 பிப்ரவரியில் லான்செட் இதழில் பெட்ரிகாயின், லியோட்டா குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு துளி சீரத்தின் மாஸ் ஸ்பெக் வடிவத்தை வைத்தே சினைப்பைப் புற்றைக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். சோதித்த 50 நோயாளிகளில் 50 பேரையும், நோயில்லாத 66 பேரில் 63 பேரையும் அந்த முறை சரியாகச் சொன்னது. அறிகுறி தெரியும்போதே முற்றிவிடும் நோய் அது, உலகமே மகிழ்ந்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ், ஜெஃப்ரி மாரிஸ் மூவரும் பொதுவில் கிடைத்த தரவுகளை மறுபடி கணக்கிட்டார்கள். ஒரு தரவுத் தொகுதியில் தேறிய அடையாளம் இன்னொன்றில் தேறவில்லை. நோயாளிகளையும் மற்றவர்களையும் பிரித்துக் காட்டியதில் பெரும்பங்கு, மாதிரிகளைக் கையாண்ட விதத்துக்கும் கருவியின் போக்குக்கும் உரியது என்று அவர்கள் தங்கள் கட்டுரையில் காட்டினார்கள். அந்த அடிப்படையில் விற்பனைக்கு வரவிருந்த சோதனை வரவேயில்லை. என் மாணவர்கள் எல்லோரும் இரண்டு கட்டுரைகளையும் ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வக வழக்கம்.

எனக்கு இதெல்லாம் கச்சிராயபாளையத்திலிருந்து மேலே ஏறும் சாலையில்தான் முழுதாக உறைத்தது. கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை தொடங்கிவிடும். வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலை. அதற்கும் அப்பால், காட்டுச் சரிவுகளில் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். சாமை, தினை, மரவள்ளி விளைச்சல். பருவத்தில் கடுக்காய், புளி, தேன். வயிற்றுவலி என்று கீழே இறங்க வேண்டுமானால் ஒருநாள் கூலி போகும். அதனாலேயே வலி பழகிப்போகும் வரை பொறுத்துக்கொள்கிறார்கள்.

அங்கே ஒரு முகாமில் கையை நீட்டி உட்கார்ந்த பாட்டி கேட்டார்: “இத்தினி ரெத்தத்துல என்னா தெரியும் கண்ணு?”

“வயித்துல கட்டி வர்றத முன்னாடியே கண்டுபுடிக்க முடியுமான்னு பாக்குறோம் ஆயா. உங்களுக்குன்னு இதுல இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது.”

“எனக்கில்லேன்னா போவுது. பேத்திக்கு ஆவுமா?”

“ஆவணும்னுதான் ஆயா செய்யிறோம்.”

அந்தப் பாட்டியின் ரத்தத்தை எடுத்துவைத்த குழாயில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரத்தத்தைப் பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால் சிவப்பணுக்கள் உறைந்து வெடிக்கும். துணியில் சுற்றிக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். வண்டி குலுங்கினாலும் வெடிக்கும். வெயிலில் நின்றாலும் வெடிக்கும். கீழே வந்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் மேலே தெளியும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபினும், அதனோடு கார்பானிக் அன்ஹைட்ரேஸ், பெராக்ஸிரெடாக்சின் போன்ற புரதங்களும் கொட்டிவிட்டன என்று பொருள். இப்போது ஒரு ஆய்வை யோசியுங்கள். நோயாளிகள் மலையிலிருந்து வருகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தத்தை நகர மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்கிறோம். முடிவில் இந்தப் புரதங்கள் நோயாளிகளிடம் மிகுதி என்று வரும். புள்ளியியல் அழகாகப் பொருந்தும். நாம் கண்டுபிடித்தது மலைச்சாலையின் கொண்டையூசி வளைவுகளைத்தான். புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

2024 ஜூனில், இதே மலைக்குக் கீழே, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்த வாரம் ஆய்வகத்தில் என்னால் இயல்பாக வேலை செய்ய முடியவில்லை. மெத்தனால் எங்கள் மேசையில் எப்போதும் இருக்கும் பாட்டில். காலம் குழாயைக் கழுவவும் புரதத்தை வீழ்படிவாக்கவும் அதைத்தான் எடுப்போம். உடம்புக்குள் போன மெத்தனாலைக் கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதி ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் செல்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியையே அடைத்துவிடும். பார்வை நரம்பு முதலில் அடிவாங்குகிறது. அதனால்தான் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே மருத்துவமனைக்கு வந்தார்கள். எத்தனாலோ ஃபோமெபிசோலோ கொடுத்து முதல் நொதியைத் தடுத்தால் பிழைக்க வழியுண்டு, ஆனால் மெத்தனால் மாறிமுடிவதற்குள் கொடுத்தாக வேண்டும்.

மெத்தனால், ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம் மூன்றும் என் தொழிலின் அன்றாடப் பொருள்கள். அறுத்தெடுத்த கட்டி அழுகாமலிருக்க ஃபார்மால்டிஹைடுக் கரைசலான ஃபார்மலினில்தான் போடுகிறார்கள்; அது கெட்டிப்படாமலிருக்க மெத்தனாலையே சேர்த்து விற்கிறார்கள். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். மெழுகுக் கட்டிகளாக ஆண்டுக்கணக்கில் மருத்துவமனை அலமாரிகளில் இருக்கும் அந்தத் திசுக்களை, கொதிநிலைக்கு அருகில் சூடாக்கிப் பிணைப்பை அவிழ்த்த பிறகே நாங்கள் படிக்க முடிகிறது. பெப்டைடுகளுக்கு மின்னூட்டம் கொடுத்துப் பறக்கவிடுவது 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம். ஒரு தெருவையே காலியாக்கிய பொருள்களின் பெயர்களைத்தான் அன்றாடம் லேபிளில் எழுதி ஒட்டுகிறேன் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த மரணங்களைத் தடுத்திருக்கக்கூடிய அறிவு எதுவும் புதிதல்ல, பாடப்புத்தகத்தில் இருப்பது. மலையடிவாரத்துக்கும் தெருவுக்கும் அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

நம் நாட்டில் இத்துறையின் பெரும் சாதனை பெங்களூரில் நடந்தது. அகிலேஷ் பாண்டே தொடங்கிய பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் நிறுவனத்தின் இளைஞர்களும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவும் சேர்ந்து 2014 மே மாதம் நேச்சர் இதழில் மனிதப் புரோட்டியோம் வரைபடத்தை வெளியிட்டார்கள். 30 வகைத் திசுக்கள், செல்கள்; 17,294 மரபணுக்களின் புரதங்கள். அதே இதழில் ஜெர்மானியக் குழு ஒன்றும் தன் வரைபடத்தை வெளியிட்டது. மூக்கில் மட்டும் எதிர்பார்க்கும் வாசனை ஏற்பிகள் மற்ற உறுப்புகளிலும் ஏன் தெரிகின்றன என்று பிறகு கேள்வி எழுந்தது. தவறான அடையாளங்களை இன்னும் கண்டிப்பாக வடிகட்ட வேண்டும் என்ற பாடம் துறைக்கே கிடைத்தது. கேள்வி கேட்டவர்களும் வரைபடம் தந்தவர்களும் ஒருசேர மதிக்கத்தக்கவர்கள். அந்த அடித்தளத்தின் மேல்தான் இன்று நாங்கள் எல்லோரும் நிற்கிறோம்.

ஆனால் மக்களைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், நான் திண்டுக்கல்லைத்தான் சொல்வேன். அங்கே கிராமப் பெண்களின் கருப்பை வாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துப்போகும் இடத்தைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள்; தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறையவைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் லான்செட்டில் முடிவு வந்தது: ஒரேயொரு முறை பார்த்ததிலேயே கருப்பை வாய்ப்புற்று 25 சதவீதம் குறைந்தது, அதனால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. எங்கள் கருவிகள் எவ்வளவு நுணுக்கமாகப் படித்தாலும், கடைசியில் ஒரு செவிலியரின் கைக்கு வந்து சேரும் எளிய சோதனையாக மாறாவிட்டால் மலைக்கு அதனால் பயனில்லை.

அப்படியொரு சோதனை மலை மக்களுக்கும் பொருந்த வேண்டுமானால், அதற்கான ஆய்வில் அவர்களுடைய ரத்தமும் சரியாக இடம்பெற வேண்டும். அதற்கு நான் கேட்பது புதிய மாஸ் ஸ்பெக் இல்லை. வெள்ளிமலையிலேயே ஒரு சிறு சென்ட்ரிஃபியூஜும், மின்சாரம் போனாலும் தாங்கும் ஓர் உறைபெட்டியும், நேரத்தைக் குறித்துவைக்க உள்ளூரில் பயிற்சி பெற்ற இரண்டு பெண்களும் போதும். எடுத்த அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்மா பிரிந்து உறைந்துவிட்டால் வளைவுகள் அதை ஒன்றும் செய்யாது. நோயில்லாதவர்களின் ரத்தத்தையும் அதே சிற்றூரில், அதே நாளில் எடுத்து, அதே பெட்டியில் இறக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு எங்கள் கருவி ஒன்றின் ஓராண்டுப் பராமரிப்புக்குக்கூட வராது. அடுத்த நிதி விண்ணப்பத்தில் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.