நாடா நின்ற இடம்

உங்கள் ஊரில் காணத்தக்கது யாது என்று வெளியூரார் வினவினால், கோபுரத்தைக் காட்டுவர். அரண்மனை இருப்பின் அதனையும் காட்டுவர். கடைத்தெருவைக் காட்டுவார் இலர். உழைத்தவன் விற்றதும் வாங்கியதும், கூடிப் பேசியதும், கொடி பிடித்ததும் அங்கேதான்! ஆயினும் அது வரலாறு அன்றாம்!

சென்ற ஆண்டு, கட்டடக்கலை பயிலும் மாணவர் சிலர் எங்கள் ஊர்க் கடைத்தெருவை அளந்து வரைய வந்தனர். திண்ணையின் உயரம், தூணின் சுற்றளவு, ஓட்டுக் கூரையின் சரிவு, எதுவும் தப்பவில்லை. "இடிக்கப் போகிறீர்களா தம்பி?" என்று கேட்டார் ஒரு முதியவர். "இல்லை ஐயா, இடிவதற்குள் எழுதி வைக்கிறோம்" என்றான் ஒருவன். மகிழ்ந்தேன்.

வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். தேரடியில் தொடங்கிய தெரு, வாய்க்கால் பாலத்தோடு முடிந்திருந்தது. பாலத்துக்கு அப்பால் சேரி. கடைத்தெருவுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர் வாழும் இடம் அது. "அங்கே சிறப்பான கட்டடம் இல்லையே" என்றாள் ஒரு மாணவி. அவள் நெஞ்சில் வஞ்சமில்லை. அவளுக்குக் கற்பித்த கல்வி அத்தகையது.

அமெரிக்க நாட்டில் நடந்த ஒன்றை அவர்களிடம் சொன்னேன். 1933 ஆம் ஆண்டு. பொருளாதார மந்தத்தால் கட்டடக் கலைஞர்கள் வேலையின்றித் தவித்தனர். தேசியப் பூங்காத் துறையில் பணியாற்றிய சார்லஸ் பீட்டர்சன், அவர்களைக் கொண்டு நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரையத் திட்டம் தீட்டினார். அவர் தந்த பட்டியலில் தேவாலயமும் கோட்டையும் மட்டுமா இருந்தன? கடை, ஆலை, பாலம், தானியக் களஞ்சியம் ஆகியனவும் இருந்தன. பிற்காலத்தில் கல்லூரி மாணவரும் கோடை விடுமுறைகளில் அப்பணியில் ஈடுபட்டனர். வரைபடங்கள் காங்கிரஸ் நூலகம் சேர்ந்தன.

தென் மாநிலப் பண்ணைகளுக்குச் சென்றோருள் பலர், முதலாளியின் மாளிகையோடு நிற்கவில்லை. பின்புறத்தில் கறுப்பின அடிமைகள் வாழ்ந்த குடில்களையும் பதிவு செய்தனர். ஜான் மைக்கேல் விளாக் என்னும் அறிஞர் அப்பதிவுகளைத் திரட்டி, 1993 இல் அடிமைகளின் வாழ்விடங்களைப் பற்றி நூலே எழுதினார். அளந்தவருக்கு அது பழங்கட்டடம். பின்வந்தவருக்கோ அது கொடுமைக்குச் சான்று!

மறுநாள் மாணவர்கள் பாலத்தைக் கடந்தனர். தனிக் கிணறு, ஒற்றை அறைப் படிப்பகம், குனிந்தே நுழையவேண்டிய வாயில்கள் எல்லாம் தாளில் ஏறின. தெருவின் படம் அன்றுதான் ஊரின் படமாயிற்று.

தெரு வெறும் வழியன்று, தோழர்களே! 1924 இல் வைக்கத்தில் மக்கள் போராடியது கோயிலுக்குள் நுழைவதற்கன்று. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கு! அத்தகைய தெருவுக்கு நீளமும் அகலமும் மட்டும் குறித்தால் போதுமா? திண்ணை எத்தனை அடி என்று எழுதுக. அதில் அமர எவருக்கு உரிமை இருந்தது, எவர் வெயிலில் நின்றார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுக. சான்று இல்லாத இடத்தில், கொடுமையே நடக்கவில்லை என்று சாதிப்போர் நாளை வருவர். அவர்கள் வாயை அடைப்பது உங்கள் கையிலுள்ள அளவு நாடா. அதனை வாய்க்காலுக்கு அப்பாலும் நீட்டுங்கள்!